எலும்பு கேட்கும் அவகாசம்

கந்தர்வக்கோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வாழ்ந்து, பல்லுக்காக வைத்தியம் செய்துகொண்டோ, தொடங்கிய வைத்தியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டோ, இனிமேல்தான் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டோ இருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வாலிபர்களுக்கும், பல் வைத்தியத்தை ஜீவனமாகக் கொண்ட ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் நெடுஞ்சாலையின் மேலேயே நம் ஊர் அமைந்திருப்பதால், பல்வலி பொறுக்கமுடியாமற் போன அன்று வடக்கே பஸ் ஏறுவதா தெற்கே ஏறுவதா என்பதுதான் இங்கே பலருக்கும் எழும் முதல் கேள்வி. டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் அரசாங்கத்துப் பல் மருத்துவப் படிப்பு 1953-இல் வந்தது. அதன்பிறகு ஏறக்குறைய எழுபது வருஷம் கழித்து, 2023-இல், புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டு, ஒரு மணி நேரப் பிரயாணத்தில் எட்டக்கூடியதாகிவிட்டது. தூரத்தைப் பற்றிய மனக்குறை இவ்வாறு தீர்ந்துபோன பிறகும் மற்றொரு மனக்குறை அப்படியே நிற்கிறது. ‘ஒரு பல்லுக்கு இத்தனை தடவை அலையவேண்டுமா? இன்றைக்கு எடுத்துவிட்டு இன்றைக்கே கட்டிக்கொடுத்தால் என்ன? மூன்று மாதம் கழித்து வா என்றால், கூலி வேலையை விட்டுவிட்டு யார் வருவது?’ என்னும் இந்தக் கேள்விகள் நியாயமானவை. ஒரு நாள் கூலியை இழப்பதென்பது என்னவென்று தெரியாதவர்கள்தாம் இவற்றை அலட்சியமாகத் தள்ளுவார்கள். ஆனால் தவணை வைப்பவர் வைத்தியர் என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் தவணை வைப்பது உங்கள் தாடையெலும்பு. அதன் சார்பில் பேசத்தான் இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

எலும்பு ஜீவனற்றது என்னும் அபிப்பிராயம் நம்மிடையே ஊறிப்போனதற்குக் காரணம் இல்லாமலில்லை. நாம் எலும்பைக் கண்ணால் காண்பது கறிக்கடையிலும், காரியத்தின்போது சாம்பலில் அஸ்தி பொறுக்கும் வேளையிலுமே அல்லவா? ஜீவனோடிருக்கும் சரீரத்துக்குள் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை நாம் பார்த்ததில்லை. ஏரிகளையும் கண்மாய்களையும் நம்பிப் பிழைத்த இந்தப் புதுக்கோட்டைச் சீமையில், மழைக்காலத்துக்கு முன்னால் கரையை நடந்து பார்த்து, விரிசல் கண்ட இடத்தை வெட்டியெடுத்துவிட்டுப் புது மண்ணிட்டுக் கெட்டிப்படுத்தும் குடிமராமத்து என்னும் ஏற்பாட்டை முதியவர்கள் அறிவார்கள். அதுபோன்றதொரு மராமத்து நம் எலும்புகளில் பிறந்த நாள் முதல் கடைசி நாள் வரையில் இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கிறது. அதில் இரண்டு வகை ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒரு வகை உயிரணுக்கள் பழுதடைந்த எலும்பின்மேல் ஒட்டிக்கொண்டு, அமிலத்தைச் சுரந்து, அதைக் கரைத்தெடுக்கின்றன. அவை அகன்ற பின் வேறு வகை அணுக்கள் அந்தப் பள்ளத்தில் வந்தமர்ந்து, முதலில் மெத்தென்ற ஒரு படுகையை விரித்து, பிறகு அதில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றி, புது எலும்பாக்கி முடிக்கின்றன. வயதுவந்த மனிதனுடைய எலும்புக்கூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருஷமும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

இதில் நீங்கள் மனத்தில் வாங்கிக்கொள்ளவேண்டியது ஒரு கணக்கைத்தான். ஓரிடத்தில் பழைய எலும்பைக் கரைக்க இரண்டு மூன்று வாரம் போதும். அந்த இடத்தைப் புது எலும்பால் நிரப்ப மூன்று நான்கு மாதம் வேண்டும். அழிப்பு வாரக்கணக்கிலும் ஆக்கம் மாதக்கணக்கிலும் நடக்கும் இந்த ஏற்றத்தாழ்வை எந்த மருந்தாலும், எந்த யந்திரத்தாலும், எவ்வளவு பணத்தாலும் தலைகீழாக மாற்றிவிட முடியாது. பல் வைத்தியத்தில் உங்களுக்கு அர்த்தமில்லாததாகத் தோன்றும் காத்திருப்புகளில் அநேகம் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவை.

எலும்பு மாறிக்கொண்டேயிருக்கிறது என்பதை மனிதன் கண்டுபிடித்த வரலாறு சுவையானது. அதில் நம் கரையோரத்துக்கும் ஒரு தூரத்துச் சம்பந்தம் உண்டு. சோழமண்டலக் கரையில் சாயவேரைத் தோண்டியெடுத்துக் காய்ச்சி, துணியில் செஞ்சாயம் ஏற்றும் வித்தையில் நம்மவர்கள் கைதேர்ந்திருந்தார்கள். அந்தத் துணிகள் கப்பலேறிச் சீமைக்குப் போய் மோகத்தைக் கிளப்பியதால், ஆங்கிலேயர்கள் தாங்களும் அதேபோல் அச்சடிக்கத் தலைப்பட்டு, தங்கள் தேசத்தில் கிடைத்த மஞ்சிட்டி இனத்து வேரைப் பயன்படுத்தினார்கள். இரண்டு வேர்களிலும் சிவப்பைத் தருவது ஒரே சரக்குத்தான். 1736-ஆம் ஆண்டில் லண்டனில், துணி அச்சடிக்கும் ஒருவர் வீட்டில் விருந்துண்ண உட்கார்ந்த ஜான் பெல்ச்சியர் என்னும் சத்திர வைத்தியர், தட்டில் வந்த பன்றிக்கறியின் எலும்பு மாத்திரம் சிவந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்; அச்சுக்கூடத்தில் சாயம் தோய்ந்த தவிட்டை அந்தப் பன்றிகளுக்குத் தீனியாகப் போட்டது தெரியவந்தது. தின்ற சாயம் எலும்பில் போய் ஏறுகிறதென்றால், எலும்பு அந்த நாட்களிலும் புதிதாக உண்டாகிக்கொண்டிருந்தது என்றாகிறதல்லவா? சாயத் தீனியையும் சாதாரணத் தீனியையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, எலும்பில் சிவப்பும் வெளுப்புமாக அடுக்குகள் படிவதைப் பிற்காலத்தார் கண்டார்கள். ஜான் ஹண்டர் என்னும் மற்றொரு சத்திர வைத்தியர் அதற்கு மேலும் சென்று, எலும்பு ஒரு பக்கம் சேர்வதோடு மறுபக்கம் கரைந்தும் போகிறது என்று நிலைநாட்டினார். மனிதப் பற்களைப் பற்றி 1771-இல் நூல் இயற்றியவரும் அவரே. பல்லைச் சுற்றியிருக்கும் எலும்பு பல்லோடு உண்டாகிப் பல்லோடு போவது என்பதும் அவருடைய கூர்மையான பார்வைக்குத் தப்பவில்லை.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் நம்முடைய விவகாரம் ஆரம்பமாகிறது. தாடையெலும்பு முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. அடித்தளமாக நிற்பது ஒன்று, அதன்மேல் பற்களுக்காகவே எழுந்து, பற்களைத் தாங்குவதற்காகவே நிற்கும் விளிம்பு மற்றொன்று. பல்லுக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனமே உள்ள ஒரு நார்ப்படலம் இருக்கிறது. நீங்கள் மெல்லும் ஒவ்வொரு கவளத்தின்போதும் அந்த நார்கள் எலும்பைச் சற்றே இழுத்து விடுகின்றன. அந்த இழுப்பே எலும்புக்கு வேலை, அந்த வேலையே அதற்கு ஜீவாதாரம். பல்லைப் பிடுங்கியவுடன் இழுப்பு நின்றுவிடுகிறது. குழியில் ரத்தம் உறைந்து, ஒரு வாரத்தில் அது இளஞ்சதையாகி, ஆறு எட்டு வாரத்தில் பொருபொருப்பான புது எலும்பு உள்ளே நிரம்பி, நாலைந்து மாதத்தில் கெட்டிப்படுகிறதென்னவோ உண்மை. ஆனால் அதே காலத்தில் குழியின் வெளிச்சுவர்கள் உள்நோக்கிக் கரைந்து குறுகிவிடுகின்றன. 2003-இல் வெளியான டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியொன்றில், கடைவாய்ப் பக்கத்துப் பற்கள் எடுக்கப்பட்டவர்களை ஒரு வருஷம் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது என்றும், அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களுக்குள்ளேயே நேர்ந்துவிட்டது என்றும் தெரிந்தது.

மேல்தாடைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று நம் கிராமங்களில் பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பயத்தை நீங்கள் விட்டுவிடலாம். ஆனால் போகாத கண்ணுக்காகப் பயந்தவர்கள், நிச்சயமாகப் போய்க்கொண்டிருக்கும் எலும்பைப் பற்றிக் கவலையேபடாமல், ‘வலிதான் நின்றுவிட்டதே’ என்று இரண்டு மூன்று வருஷம் கழித்து வருவது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. அதற்குள் அக்கம்பக்கத்துப் பற்கள் காலியிடத்தை நோக்கிச் சாய்ந்துவிடும்; எதிர்த்தாடைப் பல் தன்னைத் தடுப்பார் இல்லாமையால் கீழிறங்கியோ மேலேறியோ வந்துவிடும்; அவை ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள எலும்பைக் கரைத்தும் கட்டியும்தான் நகர்ந்திருக்கும். ஒரு பல்லின் காரியமாக முடிந்திருக்கவேண்டியது நாலு பல்லின் காரியமாக விரிந்துவிடுகிறது. ஆகவே, காப்பாற்றக்கூடிய பல்லை வேர் சிகிச்சை செய்து வைத்துக்கொள்ளலாம் என்று வைத்தியர் சொன்னால், காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். அப்படிப் பார்க்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்தான், நான் மறுக்கவில்லை; ஆயினும் பல்லோடு எலும்பும் காப்பாற்றப்படுகிறது என்பது அவர்களுடைய நடத்தையால் பொய்யாகிவிடாது.

எல்லாப் பல்லும் போய், பல் செட்டு வைத்துக்கொண்டிருக்கும் முதியவர்களிடம் எனக்கு விசேஷமான அனுதாபம் உண்டு. ‘முதல் வருஷம் கச்சிதமாக இருந்தது, இப்போது பேசினால் கழன்று விழுகிறது, செய்தவர் சரியாகச் செய்யவில்லை’ என்று அவர்கள் குறைப்படுவார்கள். பெரும்பாலும் செட்டு மாறவில்லை. அது உட்கார்ந்திருக்கும் மேடு கரைந்துவிட்டது. நாரின் வழியாக இழுக்கப்பட்டுப் பழகிய எலும்பு, இப்போது மேலிருந்து அழுத்தப்படுகிறது. அழுத்தம் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள்வரை படமெடுத்துத் தொடர்ந்து ஆராய்ந்த ஆன்ட்யே டால்கிரென் என்னும் அம்மையார் 1972-இல் வெளியிட்ட கட்டுரையில், கீழ்த்தாடையின் மேடு மேல்தாடையினதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கரைகிறது என்று காட்டினார். கீழ்ச் செட்டு எப்போதும் அதிகத் தொந்தரவு கொடுப்பதன் ரகசியம் இதுதான். சில வருஷங்களுக்கொரு முறை அடிப்பாகத்தை நிரப்பிச் சரிசெய்துகொள்வதும், இரவில் கழற்றிவைத்து ஈறுக்கு ஓய்வு கொடுப்பதும், ஓரிரண்டு நல்ல வேர்கள் மிஞ்சியிருந்தால் அவற்றை அடியோடு பிடுங்காமல் விட்டுவைத்து அவற்றின்மேல் செட்டை அமைக்க முடியுமா என்று கேட்பதும் உங்கள் கையிலிருக்கும் பரிகாரங்கள்.

பிடுங்காமலேயே எலும்பு போகும் வழி ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் வஞ்சகமானது, ஏனெனில் அதற்கு வலி கிடையாது. பல்லும் ஈறும் சேருமிடத்தில் படியும் அழுக்கு இறுகிக் காரையாகி, அதில் குடியேறிய கிருமிகளோடு சரீரம் போராடத் தொடங்குகிறது; அந்தப் போராட்டத்தின் கூச்சலில் எலும்பைக் கரைக்கும் அணுக்களுக்கு ஓயாமல் அழைப்பு போய்க்கொண்டேயிருக்க, கட்டும் அணுக்களுக்கு முறை வருவதே இல்லை. வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கமும், அடங்காத சர்க்கரை வியாதியும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, காலையில் வாய் நாறுகிறது, கீழ் முன்பற்களுக்கு நடுவே சந்து விழுகிறது என்பனவே அதன் அடையாளங்கள். இங்கே நான் ஒரு பெரிய அபவாதத்துக்குப் பதில் சொல்லியாகவேண்டும்: பல்லைக் கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பது. காரை என்பது கல்போல் இறுகிப் பற்களை ஒன்றோடொன்று கோத்துப் பிடித்திருக்கும். அதை எடுத்தவுடன், உள்ளே எலும்பு போனதால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல், தன் உண்மையான நிலைமையைக் காட்டிவிடுகிறது. சுத்தம் செய்தவர்மேல் பழி விழுகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் அதே சுத்தத்தைச் செய்திருந்தால் ஆடியிருக்காது என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. இன்றைக்குச் செய்தால் மிஞ்சியிருக்கும் எலும்பாவது நிற்கும் என்று சொல்லலாம், அது பொய்யாகாது.

வாலிபர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் கம்பி போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. எடுப்பாக இருக்கும் பல்லைக் கம்பி எப்படி உள்ளே தள்ளுகிறது என்று கேட்டால், தள்ளுவதே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். அது மெல்லச் சைகை காட்டுகிறது, எலும்பு வழிவிடுகிறது. அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, இழுக்கப்படும் பக்கத்தில் புதிதாகப் படிகிறது என்பதை ஸ்வீடன் தேசத்துக் கார்ல் சாண்ட்ஸ்டெட் என்பவர் நாய்களின் பற்களில் பரீட்சித்து 1904-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்டார். அளவுக்கு மீறி அழுத்தினால் நடப்பதென்ன என்பதையும் அவர் அப்போதே கண்டார். ரத்தக் குழாய்கள் நசுங்கி, நார்ப்படலம் ஜீவனற்றுப் போய், வாரக்கணக்கில் பல் அசையாமல் நின்றுவிடும். வேரே கரையவும் கூடும். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது சுபாவமான வேகம். ‘தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இன்னும் நாலு மாதம் இருக்கிறது, கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிடுங்கள்’ என்று கேட்கும் தாய்மார்களுக்கு நான் சொல்வதெல்லாம், முகூர்த்தத்தைப் புரோகிதர் குறிக்கலாம், எலும்பு அதற்கு உடன்படாது என்பதே. பெண்ணுக்குப் பல் எடுப்பு என்று பிள்ளை வீட்டார் முணுமுணுப்பதை நினைத்து அவசரப்படுகிறீர்கள் என்பது தெரியாமலில்லை; அந்த முணுமுணுப்புக்குச் சிகிச்சை வேறிடத்தில் செய்யவேண்டும். கம்பி கழற்றிய பின்னர் போடச் சொல்லும் ரிட்டெய்னரை அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு வருஷம் கழித்துப் பல் பழைய இடத்துக்கே வந்துவிட்டதென்று வருகிறவர்களும் உண்டு. பல் புது இடத்தில் நின்ற பிறகு அதைச் சுற்றியுள்ள எலும்பு கெட்டிப்படவும், ஈற்று நார்கள் பழைய இழுப்பை மறக்கவும் மாதங்கள் வேண்டும்; சில நார்களுக்கு ஒரு வருஷம்கூடப் போதுவதில்லை.

இம்பிளாண்ட் என்னும் திருகு வைத்துப் பல் கட்டும் முறை இப்போது சிறு நகரங்களிலும் பரவி, ‘ஒரே நாளில் பல்’ என்னும் விளம்பரப் பலகைகள் நெடுஞ்சாலையோரம் நிற்கத் தொடங்கிவிட்டன. இந்த முறையே எலும்பின் புதுப்பிப்பைத் தற்செயலாகக் கண்டதிலிருந்து பிறந்தது. 1952-இல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரானமார்க் என்பவர், எலும்புக்குள் ரத்தவோட்டத்தைப் பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறு கூண்டைப் பொருத்தி, ஆராய்ச்சி முடிந்ததும் கழற்றப் பார்த்தபோது, எலும்பு அந்த உலோகத்தைத் தன் அங்கமாகவே ஏற்றுப் பற்றிக்கொண்டிருந்தது. 1965-இல் முதல் மனிதருக்கு அந்த உலோகத்தால் பல்வேர் வைத்தார். கீழ்த்தாடையானால் 3 மாதம், மேல்தாடையானால் 6 மாதம் சுமை ஏற்றாமல் வைத்திருக்கவேண்டும் என்பது அவர் வகுத்த சம்பிரதாயம். பிற்காலத்தில் திருகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி அந்தக் காலத்தைக் குறைத்திருக்கிறார்கள். எலும்பு நன்றாக உள்ள சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் பொருத்துவதும் முறைதவறியதன்று. ஆனால் விளம்பரப் பலகை சொல்லாத விஷயம் ஒன்றுண்டு. திருகு முடுக்கிய அன்று அது உறுதியாக நிற்பது, பழைய எலும்பு அதை இறுகப் பிடித்திருப்பதால். அந்தப் பழைய எலும்பை மராமத்து அணுக்கள் கரைக்கத் தொடங்கி, புது எலும்பு இன்னும் போதுமான அளவு படியாதிருக்கும் மூன்றாம் நான்காம் வாரத்தில் அந்தப் பிடி மிகவும் தளர்ந்திருக்கும். வலியும் இராது, வீக்கமும் வடிந்திருக்கும். அந்தச் சமயத்தில்தான், எல்லாம் சரியாகிவிட்டதென்று ஆதனக்கோட்டையில் நின்று வறுத்த முந்திரியை அந்தப் பக்கத்தில் போட்டுக் கடிக்கத் தோன்றும்.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயம், முக்கியமாக மாதவிடாய் நின்ற தாய்மார்களுக்கு. எலும்புத் தேய்மானத்துக்காக வாரத்துக்கு ஒன்று வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரை, வருஷத்துக்கு ஒரு முறை ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து, ஆறு மாதத்துக்கு ஒன்று தோலுக்கடியில் போடும் ஊசி ஆகியவற்றில் எதையாவது நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். இவை எலும்பைக் கரைக்கும் அணுக்களை அடக்கிவைக்கின்றன, இடுப்பெலும்பு முறியாமல் காப்பாற்றுகின்றன, நல்ல மருந்துகள். ஆனால் பல் பிடுங்கிய குழி ஆறுவதற்கு அந்த அணுக்களும் வேண்டும். அவை அடங்கிக் கிடந்தால், அபூர்வமாகச் சிலருக்கு, குழி மூடாமல் தாடையெலும்பு வெளியே தெரிந்து, மாதக்கணக்கில் சீழ் பிடித்து நிற்கும். 2003-இல் அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் என்னும் சத்திர வைத்தியர் இதை முதன்முதலில் சுட்டிக்காட்டியபோது, பழைய நூல்களைப் படித்தவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் தடவித் தீக்குச்சி செய்த ஏழைப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தாடை அழுகிய கொடுமை. அந்தப் பாஸ்பரஸை 1906-இல் பெர்னில் கூடிய தேசங்கள் விலக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பியது அதற்குப் பின்னால் ஆகையால், நம் தெற்கத்தித் தீப்பெட்டித் தொழிலாளிகள் அந்த ஒரு வியாதியிலிருந்தாவது தப்பினார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எலும்புத் தேய்மானத்துக்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பத்தாயிரம் பேரில் ஒரு சிலருக்கே இது வருகிறது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக இதே இனத்து மருந்தை மாதாமாதம் பெரிய அளவில் ஏற்றிக்கொள்கிறவர்களுக்குத்தான் அபாயம் பல மடங்கு அதிகம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஸ்தாபித்த நாளில் இந்த மருந்துகள் இல்லை. இன்று எங்கே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றாலும், அந்த ஊசியைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை பல்லைக் காட்டி, பிடுங்கவேண்டியதைப் பிடுங்கி, ஆறவிட்டுப் போவதே உசிதம். மற்றவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பல்லுக்காக வரும்போது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டோடு, ‘அது பல்லுக்குச் சம்பந்தமில்லை’ என்று வீட்டில் விட்டுவரும் அந்த வாராந்தர மாத்திரையின் அட்டையையும் எடுத்து வாருங்கள். அந்த மருந்து வருஷக்கணக்காக எலும்பிலேயே தங்குவதாகையால், நிறுத்திவிட்டிருந்தாலும் சொல்லுங்கள். அதே சமயம், பல் பிடுங்கவேண்டுமென்று நீங்களாகவே மருந்தை நிறுத்திவிட்டு வராதீர்கள். முக்கியமாக அந்த ஆறு மாத ஊசியைத் தவறவிட்டால், அதுவரை அடங்கியிருந்த அணுக்கள் மூர்க்கமாகக் கிளம்பி முதுகெலும்பை நொறுக்கிவிடக்கூடும். நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருந்தெழுதியவரும் பல் வைத்தியரும் கலந்து தீர்மானிக்கட்டும்.

கடைசியாக, தச்சங்குறிச்சியையும் அதன் வாடிவாசலையும் குறித்து. வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு நம் தாலுகாவில் நடக்கிறதென்னும் பெருமை நமக்கு உண்டு; மாடு தலையைத் தூக்கியடித்து முன்பல் தெறிக்கும் விபத்தும் எந்த வாடிவாசலிலும் நேரக்கூடியதுதான். தெறித்த பல்லின் வேரில், நான் மேலே சொன்ன நார்ப்படலத்தின் ஒரு பாதி ஜீவனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வேரைத் தொடாமல் பல்லின் முகப்பைப் பிடித்து, மண் இருந்தால் க்ஷணநேரம் தண்ணீரில் அலசி, துடைக்காமல் சுரண்டாமல் அப்படியே குழியில் திரும்பச் செருகிவிட்டால், அல்லது அது முடியாதபோது பாலில் போட்டு அரைமணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் சேர்த்தால், அந்தப் பல் பிழைக்கக்கூடும். துண்டில் முடிந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வந்தால், படலம் உலர்ந்து செத்திருக்கும். அப்போதும் பல்லைத் திரும்ப வைக்கலாம், ஆனால் பல்லுக்கும் தனக்கும் நடுவே இருந்த எல்லை மறைந்துவிட்டபடியால், எலும்பு அந்த வேரையும் பழைய எலும்பென்றே எண்ணி, தன் வழக்கமான மராமத்தில் அதையும் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்து, சில வருஷங்களில் வேர் இருந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். சிறுபிள்ளைகளின் பாற்பல்லானால் திரும்பச் செருகக் கூடாது. கீழே முளைக்கக் காத்திருக்கும் பல்லுக்கு அதனால் கேடு வரும். ஆகையால் விழாக் கமிட்டியார் முதலுதவிப் பந்தலில் கட்டுத்துணியும் மருந்தும் வைப்பதோடு, ஐஸ் பெட்டியில் இரண்டு பால் பாக்கெட்டுகளும், மூடி போட்ட ஒரு சிறு டப்பாவும் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊழியன்,
கந்தர்வக்கோட்டைப் பக்கத்துப் பல் வைத்தியன்.